எட்டுக்கு வந்த ஒத்தை வரி

ஒரு கம்ப்யூட்டருக்குள்ளே, புரோகிராம் எழுத உதவும் கருவிப்பெட்டி ஒன்று ரொம்ப நாளாகக் குடியிருந்தது. எட்டாம் பதிப்பு என்பதால் அதற்கு எட்டு என்றே பேர். ஒரு நாள் அதே பெட்டியின் இருபத்தொன்றாம் பதிப்பு வந்து இறங்கியது.

"பெருசு, மூட்டையைக் கட்டுங்க. ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி போதும்," என்றது இருபத்தொன்று.

எட்டோ, தன்னை அழிக்கச் சொல்லும் கட்டளை எப்போது வருமோ என்று மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

கம்ப்யூட்டர்க்காரி தமயந்தி திரையில் திறந்திருந்த கறுப்பு ஜன்னல் ஒன்றில் ஒரு வரி தட்டினாள். எட்டு கண்ணை இறுக மூடிக்கொண்டது. திறந்து பார்த்தால், எட்டுக்கு மட்டுமே கட்டுப்படும் பழைய டிக்கெட் புரோகிராம் எதிரே ஓடிக்கொண்டிருந்தது! 'இந்த ஜன்னலுக்கு எட்டு' என்பதுதான் வந்த கட்டளை. பக்கத்து ஜன்னலில் இருபத்தொன்றும் புது வேலையில் மும்முரமாக இருந்தது.

யாரும் யாரையும் தள்ளவில்லை. ஒரு சுவரும் இடியவில்லை. எந்த ஜன்னலுக்கு எந்தப் பெட்டி என்று காட்டும் கைகாட்டி மட்டும் திரும்பியிருந்தது.

"ஆத்தாடி, ஒத்தை வரிக்கா இத்தனை!" என்று எட்டு வாயைப் பிளந்தது.

இருபத்தொன்று மெல்லக் கேட்டது: "அண்ணே, நாளைக்கு இருபத்தஞ்சு வந்தா என் கதி?"

"வரட்டுமே. கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கலாம்," என்றது எட்டு.