முத்துலட்சுமி வீட்டு ரத்தப் பரிசோதனை

“எதுக்கு வந்தேன்னு எழுதாம உள்ள வுட மாட்டேம்மா. செகரட்டரி கத்துவாரு” என்று வருகை நோட்டை நீட்டினார் காவலாளி தணிகாசலம். ரத்தம் எடுக்க வந்த லேப் பெண் நிஷா, காலை ஆறரை மணி அவசரத்தில் கிறுக்கிவிட்டு லிஃப்ட்டுக்கு ஓடினாள்.

‘யார் வீடு: முத்துலட்சுமி, மூன்றாம் மாடி. காரணம்: ரத்தம் எடுக்க. மார்பகப் புற்றுநோய் டெஸ்ட்.’

தி.நகரின் அந்த அடுக்ககத்தில் செய்தித்தாளைவிட வருகை நோட்டுக்குத்தான் வாசகர்கள் அதிகம். ஏழு மணிக்குப் பால் வாங்க இறங்கிய சீதா மாமி அதைப் படித்தாள். ஏழேகாலுக்குப் பதினெட்டு வீடும் படித்த மாதிரிதான்.

“இன்னா மாமி இது? நேத்துகூட அந்தம்மா லிஃப்ட்டு வோணாம்னு படியில ஏறிக்கினு போச்சே!” என்றார் தணிகாசலம்.

“வாயை மூடிண்டு இரும். யார்கிட்டயும் சொல்லப்படாது” என்று அதட்டிய மாமி, நேராக முதல் மாடிக்குப் போய் வஜீஹாவிடம் சொன்னாள்.

முத்துலட்சுமி, துணிக்கடை நல்லசிவம் அண்ணாச்சியின் மனைவி. தூத்துக்குடியிலிருந்து வந்த நாளாக அண்ணாச்சிக்கு மனைவி பேர்தான் ராசி. கடை, கார், காஸ் இணைப்பு, அவர் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி, எல்லாமே அவள் பேரில்தான் வாங்குவார்.

அண்ணாச்சியைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. இருபது வருடமாகத் தினமும் காலையில் வெற்று மார்பும் தோளில் துண்டுமாகப் பால்கனியில் நின்று பல் தேய்க்கிற மனிதர். இப்போது இரண்டு வாரமாக, அக்னி நட்சத்திர வெயிலிலும் கழுத்துப் பித்தான் வரை பூட்டிய முழுக்கைச் சட்டையோடு நிற்கிறார்.

“இப்போன்னா புரியறது! கவலை வந்தா மனுஷனுக்கு லட்சணமும் வந்துடறது” என்றாள் மாமி.

அன்றிலிருந்து மூன்றாம் மாடிக்குப் பாத்திரங்கள் ஏறத் தொடங்கின. வஜீஹா இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் கொண்டுபோனாள். நாலு நாள் கழித்து அவள் மறுபடி கிளம்பியபோது, சீதா மாமியும் மிளகு ரசத்தோடு ஒரு சமாதானத்தையும் எடுத்துக்கொண்டு கூடப் போனாள். முத்துலட்சுமி செடிக்கு ஊற்றும் தண்ணீர் கீழே மாமியின் வடாம் மேல் சொட்டுவதில் இரண்டு பேருக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

“நீ எவ்வளவு வேணும்னாலும் ஊத்திக்கோ. வடாம் கெடக்கு, போனாப் போறது” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் மாமி.

முத்துலட்சுமி நெளிந்தாள். “மாமி, நீங்க நெனைக்கிற மாதிரி...”

“ஒண்ணும் பேசாதே. தைரியமா இரு.”

முத்துலட்சுமி கணவரைப் பார்த்தாள். அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார்.

“ரத்த டெஸ்ட்டு என்ன ஆச்சுக்கா?” என்று வஜீஹாதான் மெதுவாகக் கேட்டாள்.

“அதுல பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லையாம். ஆனா அதை மட்டும் வச்சு முடிவு சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா ஒரே சத்தம். ஆளைக் காட்ட வெக்கப்பட்டுக்கிட்டு, நீங்களா ரத்தத்தை மட்டும் குடுத்தா ஆச்சான்னு கேட்டாக. பொறவு ஸ்கேன் எடுத்து, கட்டியில ஊசி வச்சு சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காக. வெள்ளிக்கிழமை போன்ல சொல்லுவாக.”

“பொம்மனாட்டின்னா வெக்கம் இருக்காதா? அதுக்குப் போய்த் திட்டுவாளோ?” என்று டாக்டர் மேல் பாய்ந்தாள் மாமி.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே மாமியும் வஜீஹாவும் மூன்றாம் மாடிக் கூடத்தில் ஆஜர். ஏதோ குழாய் ஒழுகுவதாகச் சொல்லிக்கொண்டு தணிகாசலமும் வாசலில் நின்றார். அண்ணாச்சி கடை திறக்கப் போகவில்லை. வியர்வையில் நனைந்த சட்டையோடு, முருகன் படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

பத்து மணிக்குப் போன் அடித்தது. முத்துலட்சுமி அதை எடுத்தாள். வஜீஹா போனை வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

“முத்துலட்சுமி அம்மாவா? ரிசல்ட் வந்துடுச்சு” என்றது டாக்டரம்மாவின் குரல். “கேன்சர் இல்லை. சாதாரணக் கட்டிதான். ஆறு மாசம் கழிச்சு வந்து ஒருவாட்டி காட்டினாப் போதும்.”

வஜீஹா “அல்லாவே!” என்று கண்ணை மூடினாள். தணிகாசலம் இல்லாத விசிலை வாயால் அடித்தார்.

மாமி முத்துலட்சுமியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே, “நாளையிலேர்ந்து கொஞ்சம் பாத்துத் தண்ணி ஊத்துடீம்மா, வத்தல் போடப் போறேன்” என்றும் சொல்லிவைத்தாள்.

அண்ணாச்சியைக் கேட்கவே வேண்டாம். தரையில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் விடப்பட்ட பிள்ளை மாதிரி தேம்பினார்.

“பாருங்கோ எல்லாரும், ஆம்படையான்னா இப்படின்னா இருக்கணும்! எங்காத்துக்காரர் எனக்குத் தலைவலின்னாக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்” என்று உருகினாள் மாமி.

போனில் டாக்டரம்மா சிரித்தார்.

“அழறது சார்தானே? ஆம்பளைக்கும் மார்புல கட்டி வரும், அதுல என்ன வெக்கம்? இனிமே அந்தச் சட்டையைக் கழட்டிப் போடச் சொல்லுங்க.”