பொய் நடுக்கம்

பந்தை வெள்ளைப் புள்ளியில் வைத்துவிட்டு அவன் நிமிர்ந்தான்.

எதிரே கோல் கம்பங்களுக்கு நடுவில் ரெஜின். மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவன். ஒரே சோப்பில் குளித்தவன்.

எண்பத்தெட்டாவது நிமிடம். ஒன்றுக்கு ஒன்று.

இந்தப் பெனால்ட்டி உள்ளே போனால் புதிய அணியில் இரண்டு வருட ஒப்பந்தம். இன்றைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்று பயிற்சியாளர் காலையிலேயே சொல்லிவிட்டார். போகாவிட்டால் ஊருக்குப் போய் அண்ணனோடு வலை இழுக்கலாம்.

அதெல்லாம் இரண்டாவது.

முதலில் ரெஜின் மண்ணைக் கவ்வ வேண்டும். பழைய அணியின் ஆட்கள் அத்தனை பேரும் பார்க்கக் கவ்வ வேண்டும். எட்டு மாதமாக இதற்காகத்தான் காத்திருக்கிறான்.

பத்தொன்பது வயதில் அவனுக்குச் சர்க்கரை நோய் வந்தது. நாளுக்கு நான்கு ஊசி. போடாவிட்டால் சர்க்கரை ஏறும். போட்டுக்கொண்டு ஓடினால் சட்டென்று இறங்கும். பழைய அணியில் இது ரெஜினுக்கு மட்டும்தான் தெரியும். மருந்தைக் குளிர்பெட்டியில் மோர்ப் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தது ரெஜின்தான். காலுறைக்குள் இரண்டு ஆரஞ்சு மிட்டாய் செருகிக்கொண்டு ஆடியதும் ரெஜின்தான். கார்னர் கிக்குக்கு எல்லோரும் முண்டியடிக்கும்போது ஒன்றைக் கைமாற்றுவான்.

ஒரு நாள் காலையில் சர்க்கரை இறங்கி அவன் குளியலறையில் விழுந்துவிட்டான். கண் விழித்தபோது ரெஜின் அவன் தலையை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தான்.

மறுநாள் ரெஜின் அணி மருத்துவரிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

ஒரே வாரம். பெட்டியைக் கட்டச் சொன்னார்கள்.

'உன் நல்லதுக்குத்தான் மக்கா' என்று ரெஜினிடமிருந்து செய்தி வந்தது.

நல்லதாம். நல்லது செய்கிறவன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டாமா?

ஒரு மாதச் சோதனைக்குப் புதிய அணி கூப்பிட்டபோது, படிவத்தில் நோய் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினான். கை நடுங்காமல் எழுதினான்.

சர்க்கரை இறங்கும்போதுதான் அது நடுங்கும். வலது கை. அவனே அறியாமல் அதைக் கால்சட்டையில் துடைப்பான். அந்த நேரத்தில் அடிக்கும் பந்து வலுவில்லாமல் இடது மூலைக்குத்தான் போகும். மாலைப் பயிற்சிகளில் ரெஜின் அதைச் சுலபமாகப் பிடித்துவிட்டுச் சிரிப்பான். வேறு யாருக்கும் தெரியாத விஷயம் அது.

ஆகவே இன்றைக்கு நடுக்கம் வரும். கண்ணாடி முன்னால் நின்று பழகிய நடுக்கம்.

ரெஜின் இடது பக்கம் பாய்வான். பந்து வலது மூலைக்குப் போகும். தரையில் கிடக்கிறவனைத் தாண்டி ஓடி அவன் கொண்டாடுவான். பழைய அணிக்கு எதிராகக் கோல் அடித்தால் கொண்டாடாமல் கைகூப்புவது வழக்கம். அந்த மரியாதையெல்லாம் இவர்களுக்கு எதற்கு?

இடைவேளையில் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு விரலைக் குத்திப் பார்த்தான். சர்க்கரை நூற்று நாற்பது, இறங்கவே இல்லை. உடம்பு கல்லு மாதிரி இருந்தது.

விசில்.

வலது கையை நடுங்கவிட்டான். கால்சட்டையில் துடைத்தான். இன்னொரு முறை துடைத்தான்.

ரெஜினின் பார்வை அந்தக் கையிலேயே நின்றது.

பயல் மாட்டிக்கொண்டான்.

அவன் ஓடத் தொடங்கினான்.

ரெஜின் இடது பக்கம் பாயவில்லை. வலது பக்கமும் பாயவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, கோட்டை விட்டு முன்னால் வந்துகொண்டிருந்தான். நடுவரைப் பார்த்துக் கத்தினான். மைதானம் முழுக்கக் கேட்டது.

"சார், நிறுத்துங்க. அவனுக்கு சுகர் எறங்குது. டாக்டரக் கூப்பிடுங்க."

ஓடி வந்த காலை அவனால் நிறுத்த முடியவில்லை.

பந்து வலது மூலைக்குப் போனது. நினைத்த இடம். நினைத்த வேகம்.

நடுவர் கோல் என்று நடுக்கோட்டைக் காட்டினார். ரெஜின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டுக் குனிந்து காலுறைக்குள் விரலை விட்டான்.

எட்டு மாதம் கழித்தும் அங்கே மிட்டாய் இருந்தது.

கோல் அடித்தவன் கையைத் தூக்கவில்லை. கூப்பவும் இல்லை.

எல்லைக் கோட்டருகே பயிற்சியாளர் கைதட்டுவதை நிறுத்திவிட்டார். பக்கத்தில் இருந்த அணி மருத்துவரிடம் ஏதோ கேட்டார். மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான்.

ரெஜின் மிட்டாயை உள்ளே தள்ளிவிட்டான்.

"சவைச்சுத் தின்னுலே மக்கா. வேகமாத் தின்னு."

ரெஜினின் முகம் வெளிறிப் போயிருந்தது. குளியலறையில் பார்த்த அதே முகம்.

பாவி. வெறுக்கக்கூட விடமாட்டேன் என்கிறான்.

மிட்டாயைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

எல்லைக் கோட்டில் ஆள் மாற்றும் பலகையைத் தூக்கிக் காட்டினார்கள். சிவப்பில் பதினொன்று. அவனுடைய எண்.

நடந்தான். பாதி தூரம் போன பிறகுதான் வலது கையைக் கவனித்தான். கால்சட்டையில் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

அது நிற்கவில்லை.