நான்காவது மூலை

ஏரிக்கரைக் காட்டுக்குப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே கூடாரத்தை வீட்டுக் கூடத்தில் நிறுத்திக் கிழிசல் பார்ப்பது அப்பாவின் வழக்கம். சிமென்ட் தரையில் முளை அடிக்க முடியாதல்லவா? நடுவில் கம்பை நட்டுவிட்டு, முளைகளுக்குப் பதிலாக மூலைக்கு ஒருவராக நாங்கள் நான்கு பேரும் உட்காருவோம். ஒருவர் எழுந்தாலும் கம்பு சாய்ந்து எல்லார் தலையிலும் துணி விழும். ஒருமுறை பால்காரர் மணியடித்து மணியடித்துத் திரும்பிப் போனார். ஒருவரும் எழவில்லை.

அப்பா இறந்து மூன்று வருடம் கழித்து, அக்காவும் நானும் மறுபடி போகலாம் என்று கூடாரத்தை எடுத்தோம். அம்மா வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம். கம்பு ஆடியது.

"அந்த ரெண்டு மூலைக்கும் அரிசி டின்ன வச்சுப் பாப்பமா?" என்றாள் அக்கா.

அம்மா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், தன் பழைய மூலையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். மிச்சமிருந்த மூலைக்கு டின் எடுத்துவர நான் எழப்போனேன்.

"உக்காரு. அங்க ஒண்ணும் வைக்க வேணாம்."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எங்களைச் சுற்றித் துணி படபடத்தது. அந்த மூலை மட்டும் அசையாமல் தரையோடு படிந்திருந்தது. கம்பு நேராக நின்றது.

வாசலில் மணி அடித்தது. ஒருவரும் எழவில்லை.