தூங்கத்தான் சம்பளமா?

கண்மாய்க் கரை மேல் போய்க்கொண்டிருந்த பஸ் திடீரென்று ஓரங்கட்டி நின்றது. டிரைவர் மருதுபாண்டி என்ஜினை அணைத்தார். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

டயர் பஞ்சரா, டீசல் தீர்ந்துபோச்சா? ஒரு மண்ணும் இல்லை. ஆள் தூங்கப் போகிறாராம்!

விடிந்து எழுந்து ராமநாதபுரம் போகிற முதல் பஸ். இதை விட்டால் அடுத்தது எட்டரைக்குத்தான். இப்படியும் ஒரு அநியாயம் உண்டா?

"இருபது நிமிசம் பொறுத்துக்கங்க. அவருக்கு முடியல. கொஞ்சம் கண்ணசந்துட்டு எடுத்துருவாரு" என்றார் கண்டக்டர் தனுஷ்கோடி. சொல்லும்போதே அவருக்கும் கொட்டாவி. அவர் கண்ணும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து கிடந்தது.

"ரெண்டு பேரும் சேந்து சரக்கு ஏத்தியிருக்கானுக" என்றாள் பக்கத்து சீட் வெள்ளையம்மாள். வத்தல் மூட்டையோடு என் ஊரில் ஏறியவள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

முன் சீட்டிலிருந்து செல்லச்சாமி எழுந்தார். இந்த பஸ் கிளம்புகிற ஊரில் கோயில் திருவிழாக் கமிட்டித் தலைவர் அவர். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் காப்பு. பக்கத்தில் மகள் மாரிச்செல்வி ஹால் டிக்கெட்டைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு குரூப் ஃபோர் பரீட்சை. ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிட்டால் அந்தப் பிள்ளை படித்த படிப்பெல்லாம் வீண். எனக்கே வயிறு எரிந்தது. பெத்தவருக்கு எப்படி இருக்கும்?

"யோவ்! எந்திரிய்யா! குடிச்சுட்டா வண்டி ஏறுன? ஊது பாப்போம்!"

மருதுபாண்டி தலையைத் தூக்கி ஊதினார். சாராய வாடை இல்லை. இருமல்தான் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"குடிக்கலண்ணே. அஞ்சு நாளாப் பொட்டுத் தூக்கமில்ல. அதோட சளியும் காய்ச்சலும் வந்து ஒட்டிக்கிச்சு, மாத்திரை போட்டும் கேக்கல. இப்பக் குறுக்க ஆடு வந்துச்சுல்ல? கண்ணு பாக்குது, காலு பிரேக்குக்குப் போக மாட்டேங்குது. கொஞ்சம் விட்டிருந்தா கண்மாய்க்குள்ள போயிருப்போம். இத்தன உசிர வச்சுக்கிட்டு ஓட்டப் பயமா இருக்கு."

"தூங்கத்தான் ஒனக்குச் சம்பளமா?"

"அப்படிக் கேளுங்க!" என்று நானும் கத்தினேன். பஸ்ஸே கத்தியது.

கண்டக்டர் குறுக்கே வந்தார். "அண்ணே, ஒரு நிமிசம். அவரு தூங்காததுக்கு..."

"நீ வாய மூடுய்யா! தூக்கத்தப் பத்தி எனக்கா சொல்லித் தார?" செல்லச்சாமி இப்போது பஸ்ஸுக்கே பேசினார். "போன வாரம் எம்மக ரெண்டு ராத்திரி தூங்கல. காச்சல் வந்து படுத்துட்டா. படிச்சது ஒண்ணும் நெனப்புல நிக்கல. டாக்டரு என்ன சொன்னாரு? தூக்கம் கெட்டா ஒடம்புல எதிர்ப்புச் சக்தி போயிரும், மூளை மழுங்கிப்போகும்னாரு. திருவிழாவுக்குக் காப்புக் கட்டுன அன்னைக்கே, எங்க வீட்டப் பாத்து இருந்த, விடிய விடியப் பாட்டுப் போடுற குழாய் ரேடியோவக் கழட்டி அங்கிட்டுக் கட்டச் சொல்லிட்டேன். அன்னையிலருந்து பிள்ள நிம்மதியாத் தூங்குது. அதுதான்யா பொறுப்பு! ஒனக்கு இருக்கா?"

ஆகா, அப்பன்னா இவரல்லவா அப்பன் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளையம்மாள் கையே தட்டிவிட்டாள்.

மாரிச்செல்விதான் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "அய்யா, விடுங்கய்யா. நேரம் இருக்கு. அவரு கொஞ்சம் படுத்து எந்திரிக்கட்டும். எனக்கும் பயமா இருக்கு."

மகள் சொன்னதால் உட்கார்ந்தார். ஆனாலும் ஸ்டியரிங்கில் வாய் பிளந்து குறட்டை விட்டவரை செல்போனில் படம் பிடிக்க மறக்கவில்லை. "டிப்போ மேனேஜரு பாக்கட்டும். வேலைக்கு வேட்டு வைக்கல, நான் செல்லச்சாமி இல்ல."

"எனக்கும் அனுப்புங்கண்ணே" என்றேன். எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பும் பார்க்கட்டுமே!

சொன்ன நேரத்துக்குக் கண்டக்டர் தட்டி எழுப்பினார். மருதுபாண்டி முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். அதன் பிறகு ஒரு குலுக்கல் இல்லை. ராமநாதபுரம் வந்ததும், ஸ்டாப்பே இல்லாத இடத்தில், பரீட்சை நடக்கிற பள்ளிக்கூட வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். கேட் திறந்துதான் இருந்தது.

"தாங்க்ஸ்ண்ணே" என்று மாரிச்செல்வி இறங்கி ஓடினாள்.

"பதட்டப்படாம எழுதும்மா" என்றார் மருதுபாண்டி.

செல்லச்சாமிக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. படிக்கட்டில் நின்றுகொண்டு செல்போனை ஆட்டினார்.

"எம்மக பரீட்சைக்குப் போயிட்டான்னு ஒன்னைய விட்டுருவேன்னு நெனைக்காத. வீடியோவ அனுப்பத்தான் போறேன். அதுக்கு முன்னாடி நீயே சொல்லு. அஞ்சு ராத்திரியா எங்கன போயிச் சுத்துன?"

மருதுபாண்டி கியரில் கை வைத்தபடி திரும்பினார்.

"எங்கயும் போகலண்ணே. நைட் ஹால்ட்டு உங்க ஊருதான், பஸ்ஸுக்குள்ளதான் படுக்கை. உங்க வீட்டுப் பக்கம் கழட்டுன குழாய, பஸ் நிக்கிற வேப்பமரத்துலல்ல கட்டியிருக்கீங்க!"