எண்பத்தேழு சதவீதத்தில் நின்றது

2043 மார்ச் 11, பாளையங்கோட்டை. ஓய்வுபெற்ற சர்வேயர் பியூலாவின் வீட்டுக் கணினியில் அப்டேட் எண்பத்தேழு சதவீதத்தில் நின்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. மகன் ஜெபசிங் புனேயிலிருந்து தினமும் போனில் வழி சொன்னான். அணைத்துப் போடச் சொன்னான், வைஃபையை மாற்றச் சொன்னான், பழைய படங்களை அழித்து இடம் உண்டாக்கச் சொன்னான். இறந்துபோன கணவரின் படங்களைக்கூட அவள் அழித்துப் பார்த்தாள்.

அன்று மதியம் மெக்கானிக் முத்துச்செல்வி வந்து பார்த்தாள்.

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா. ஒங்க காப்பாளர்தான் நிறுத்தி வச்சிருக்காவ."

"எனக்கு எதுக்குட்டி காப்பாளர்?"

"ஒங்களுக்கு ஞாபக மறதின்னு ரெண்டு வருஷம் முன்ன கோர்ட்டுல பதிஞ்சிருக்கு. காப்பாளர் பேரு ஜெபசிங். ஒங்களுக்காக யாரு கையெழுத்துப் போடுதாங்கன்னு இந்த அப்டேட் காட்டிக் குடுத்துரும்."

பியூலா மகனை அழைத்தாள்.

"ஏல, நிறுத்தி வச்சவன் நீதானாமே. பின்ன எதுக்குல அப்பா படத்த அழிக்கச் சொன்ன?"

"இப்ப அனுமதி குடுத்திடுதேம்மா. காலையிலதான் வேல முடிஞ்சுது."

பதினோரு நிமிடத்தில் அப்டேட் முடிந்தது. அவளுக்காக அவன் போட்ட கையெழுத்துகள் திரையில் வரிசையாக வந்தன. கடைசிக் கையெழுத்து அன்று காலை பத்தரைக்குப் போட்டது. அவள் உட்கார்ந்திருந்த வீடு அதில் விற்கப்பட்டிருந்தது.