நோன்பு மாதப் புகை

இதை ஒழுங்காகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு வார்த்தை முன்பின்னாகப் போனாலும் நல்லவர்கள் கெட்டவர்களாகத் தெரிந்துவிடுவார்கள்.

எண்பத்திரண்டாம் வருடம். காரைக்காலில் மஹ்பூபா அம்மாவுக்குச் சொந்தமான வீட்டில் குடியிருந்தோம். அடுத்த வீட்டில் அவரும் மருமகள் ஆஸியா பீவியும் இருந்தார்கள். மகன் துபாயில். மஹ்பூபா அம்மாவுக்குக் கண் மங்கல், ஆனால் கறார். எங்களுக்கு முன் குடியிருந்தவர்களை, அவர்கள் கோழி சுவர் தாண்டியதற்கே ஒரு வாரத்தில் காலி செய்யச் சொன்னவர்.

என் வீட்டுக்காரர் சூசைமுத்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி பென்ஷன்காரர்கள் கூடி விருந்து சாப்பிடுவார்கள். "இந்த வருஷம் பன்றிக்கறியைப் புகை போட்டு நான் கொண்டு வர்றேன்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

கொல்லையில் ஒரு இரும்பு டிரம்மைப் பிளந்து, குறுக்கே கம்பி வைத்தார். அடியில் கரித்தணல், தணல் மேல் ஈரத் தேங்காய் மட்டை. தீ எரியக் கூடாதாம், புகையத்தான் வேண்டுமாம். காலையில் மூடினால் சாயங்காலம் வரை புகைந்தது.

அது நோன்பு மாதம். போதாததற்கு ஆனி மாத மேல்காற்று. அத்தனை புகையும் மஹ்பூபா அம்மா வீட்டு ஜன்னலுக்குத்தான் போனது.

முதல் நாளே ஆஸியா ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். பிறகு வெளியே வந்து, எங்கள் டிரம் தெரியாதபடி கொடியில் ஒரு பாயைத் தொங்கவிட்டாள். நான் சிரித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முந்தின நாள் வரை என் வீட்டில் உட்கார்ந்து பூக்கட்டியவள்! நேராக வீட்டுக்காரரிடம் போனேன்.

"என்னங்க, அவங்க நோன்பு இருக்கறாங்க. இதை நிறுத்துங்களேன்."

"கறி மூணு நாள் உப்புல ஊறியாச்சு. இப்ப நிறுத்தினா நாறிப்போகும். நாப்பது பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"வேற எங்கயாச்சும் கொண்டுபோய் வச்சுக்குங்க."

"நல்ல யோசனை. டிரம்மை நான் தூக்கிக்கறேன், நெருப்பை நீ மடியில கட்டிக்கிட்டு வா."

அவருக்கு விளையாட்டு. உள்ளே எங்கள் மகள் அமலராணி பிரசவத்துக்கு வந்து படுத்திருந்தாள். ஒன்பதாம் மாதம். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் இந்த வயிற்றோடு அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆஸியா கொல்லை வாசலில் வந்து நின்றாள்.

"மாமி கூப்பிடறாங்க. வாங்க."

"எதுக்கும்மா?"

"வந்து கேட்டுக்குங்க." படியேறும்போது என் முழங்கையை அழுத்திப் பிடித்தாள். "நீங்களா வாயைத் திறக்காதீங்க."

மஹ்பூபா அம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஞானமேரி, மூணு நாளா உன் கொல்லையில ஒரே புகை."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்ன புகைன்னு இவகிட்ட கேட்டேன். சுறாக் கருவாடு சுடறாங்க மாமிங்கறா. எத்தனை தடவை கேட்டாலும் அதேதான். நெசமா?"

நிமிர்ந்தேன். மாமியாருக்குப் பின்னால் நின்ற ஆஸியா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள். ஜன்னலைச் சாத்தியதும் பாயைக் கட்டியதும் யாருக்காக என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆமாங்கம்மா. சுறாதான்."

"சரி. ஆஸியா, நோன்புக் கஞ்சி அடிப்பிடிக்கப் போகுது. போய்க் கிண்டு."

அவள் உள்ளே போனதும் மஹ்பூபா அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"இங்க வா புள்ள. கிட்ட வா. எனக்குக் கண்ணுதான் மங்கல், மூக்கு இல்ல. கடலோரத்துல பொறந்து வளர்ந்தவளுக்குச் சுறா நாத்தம் தெரியாதா?"

"அம்மா, மன்னிச்சிடுங்க. வேணும்னா நாங்க..."

"காலி பண்றேங்காத. நிறைமாசப் பொண்ணை எங்க கூட்டிட்டுப் போவே? உன் வீட்டுக்காரன் அவன் விருந்துக்கு அவன் சாப்பாட்டைச் செய்யறான். செய்யட்டும். என் கவலை வேற."

அடுப்படிப் பக்கம் ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டார்.

"எம் மருமக மூணு நாளா நோன்பு வாயோட பொய் சொல்லிக்கிட்டிருக்கா, உனக்காக. நாளையிலேருந்து அது பொய்யா இருக்கக் கூடாது. நெசமாவே சுறா வாங்கிச் சுடு. அந்த டிரம்முல இல்ல, வேற அடுப்புல. நான் சொன்னேன்னு அவகிட்ட மூச்சு விடாத."

மறுநாள் விடிந்ததும் காரைக்கால்மேட்டுக்குப் போய்ச் சுறாக் கருவாடு வாங்கினேன். வரும் வழியில் ஒரு புது மண் அடுப்பும், தனியாகக் கரியும். டிரம்மை விட்டுத் தள்ளி, சுவரோரமாக வைத்துச் சுட்டேன்.

"என்னடி இது நாத்தம்? என் கறி மேல ஏறப்போவுது!" என்று அவர் கத்தினார்.

"ஏறட்டும்" என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாய் விலகியது. ஆஸியா அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள்.

விருந்து முடிந்து டிரம்மைக் கவிழ்த்துப் போட்டாயிற்று. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பெருநாள் பிறை தெரியும்வரை, தினமும் ஒரு துண்டு கருவாடு சுட்டுக்கொண்டே இருந்தேன்.