கணக்கில் வராதவர்

"வேலை தேடியும் கிடைக்காதவர்தான் வேலையில்லாதவர். தேடாதவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்" என்று ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பொருளியல் நடத்திக்கொண்டிருந்தாள் பொன்செல்வி டீச்சர்.

ஆமிரா எழுந்தாள். "டீச்சர், எங்க வாப்பாவுக்கு ஹார்பர்ல வேலை போயிட்டு. ரெண்டு வருஷமா அலைஞ்சாக, யாரும் குடுக்கல. இப்ப தேடுறதையே விட்டுட்டாக. அவங்க வேலையில்லாதவங்க இல்லையா?"

"இல்ல. தேடுறத விட்டவன் சோம்பேறி. உக்காரு."

"வாப்பா சோம்பேறி இல்ல டீச்சர். மனசு விட்டுப்போச்சு."

"மனசு விட்டா அடுப்பு எரியுமா?" அவள் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பும் அடங்கிப்போனது. "பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து திங்குதவனுக்கு வேற என்ன பேரு?"

ஆமிரா கண்கலங்கி உட்கார்ந்தாள். உம்மா சம்பாதிப்பதாக அவள் சொல்லவே இல்லை.

மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியும் பொன்செல்விக்கு ஆத்திரம் ஆறவில்லை. வாசல் பூட்டைத் திறந்து உள்ளே போய், உடனே கதவைச் சாத்தினாள்.

ஜன்னலெல்லாம் அடைத்த அறையில் கணவன் மகாராஜன் உட்கார்ந்திருந்தான். துபாயில் வேலை போய், ஊருக்குத் தெரியாமல் திரும்பியவன். போனிலேயே விண்ணப்பம் போட்டுப் போட்டு, இப்போது அதையும் விட்டிருந்தான். அவன் இன்னும் துபாயில் இருப்பதாகத்தான் தெருவுக்கு அவள் சொல்லி வைத்திருந்தாள்.

"ஏளா, தொண்ட கட்டியிருக்கே. யாருகிட்ட சண்ட?"

"வேலை தேடுறத விட்டவனுக்கு என்ன பேருன்னு ஒரு பிள்ள கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"சோம்பேறின்னு சொன்னேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி கிசுகிசுப்பாகச் சொன்னாள்.